அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

மச்சான்,

காலையில் பழைய கோப்பைத் திறந்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உன் பென்சில் தடம் இன்னும் தெரிகிறது. அறுபது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நம் இருவருக்கும் பிழைப்பே அந்தத் தாள்தானே. செங்கல் சூளை நெருப்பு, சிமென்ட் உலை, லாரி டீசல், ஏசி, கடைசியில் இடிக்கிற இயந்திரம் வரை ஒரு கட்டடம் தின்னும் சக்தியையெல்லாம் கூட்டி, அதன் ஆயுளால் வகுப்போம். ஆயுள் கூடினால் விடை அழகாகக் குறையும். குரோம்பேட்டை அலுவலகத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அறுபது வருடம் போடுவோம். நீ மட்டும் அந்தக் கட்டத்தில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "ஜோசியர்கூட பொறந்த நேரம் கேட்டுட்டுத்தான் ஆயுள் சொல்றார் மச்சான். நாம அதுகூடக் கேக்குறதில்ல."

மேடவாக்கம் தாண்டி அந்தப் பெண்கள் விடுதியைக் கட்டும்போது, கான்கிரீட்டுக்குப் பிடித்து வைத்திருந்த போர்வெல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய். "கரிக்குது மச்சான். கம்பியத் தின்னுடும்." தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாய். உரிமையாளர் சிரித்தார். அன்று போட்டதுதான் அந்தக் கேள்விக்குறி. பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குப் போகிற தாள் சுத்தமாக இருக்கட்டும் என்று அதை அழித்தவன் நான். நீ பார்த்தாய்.

நீ இறந்து இரண்டு வருடம். நேற்று அந்த விடுதியைக் கூட்டிப் பெருக்கும் அக்கா போன் செய்தார். "சார், மூணாவது மாடில சீலிங் பேத்துகினு வுழுது. உள்ள கம்பி செவப்பா கீது. பொண்ணுங்க கட்டில நவுத்திப் போட்டுகினு தூங்குதுங்க." கட்டடத்துக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

பயமாக இருக்கிறது. பூசி மெழுகிவிடலாம் என்கிறார் உரிமையாளர். நான் அன்று செய்ததும் அதுதான். மாடியை உடனே காலி செய்யுங்கள் என்று அவருக்கு எழுதினேன். கேள்விக்குறியை அழித்தது நான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியம் வரை பதில் இல்லை.

விடுதிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. மூன்றாவது மாடிக் கொடியில் இன்னும் துணிகள் தொங்குகின்றன. அக்கா வாசலில் எனக்காகக் காத்திருக்கிறார். அவரோடு ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டப்போகிறேன். உன் பென்சில் என் சட்டைப்பையில் இருக்கிறது. ரப்பர் வைத்துக்கொள்வதில்லை.