வலி விற்கும் கடை

அடி கள்ளி,

இன்று காலை வேலை விஷயமாகக் கடற்கரைப் பக்கம் போனேன். ஒரு தெரு முழுக்க ரொட்டி வேகும் வாசனை. வாசனை வந்த கடையின் பலகையில் பி, ஏ, ஐ, என் என்று நான்கே எழுத்து. இங்கிலீஷில் படித்தால் வலி. உள்ளே போய், "ஏண்ணே, கடைக்கு யாராச்சும் வலின்னு பேரு வைப்பாங்களா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "அது இங்கிலீஷ் இல்லம்மா, பிரெஞ்சு. 'பேன்'னு படிக்கணும். தலையில இருக்கிறது இல்ல, ரொட்டி."

ஆறு வருஷச் சந்தேகம். இன்று உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பிடிபட நீதான் இல்லை.

உப்பளம் ஏரியாவில் உன் வீட்டில், பிரான்சிலிருந்து உன் மாமா கொண்டுவந்த அந்த ஜப்பான் அனிமே சிடி. பேச்சு முழுக்க பிரெஞ்சு. "எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு, எனக்குத் தெரியாதா?" என்று நீ வரிக்கு வரி தமிழில் சொல்ல, நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அந்தப் பெண் தினமும் காலையில் இதே நான்கு எழுத்துப் பலகை வைத்த கடைக்குப் போவாள். காகிதப் பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வருவாள். "வலி விக்கிற கடைடி அது. செத்துப்போன அம்மாவோட வலியைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிட்டுப் போறா," என்றாய். தேம்பித் தேம்பி அழுதேன். அவள் வாங்கியது ரொட்டியடி, ரொட்டி!

அப்போதே எனக்கு ஓர் உறுத்தல். "அவ ஒரு வார்த்தைதானே சொன்னா, நீ ஒரு பக்கத்துக்குச் சொல்ற?" என்று கேட்டேன். "பிரெஞ்சுல சுருக்கமாத்தான்டி பேசுவாங்க," என்றாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பொய் மொழியோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நம் இருவருக்கும் பிடித்ததற்கெல்லாம் 'நம்ம கலர்' என்று பேர். மழைக்கு முந்தின வானம், ஆளில்லாத ஸ்டேஷன், கடைசிப் பக்கத்திலும் கல்யாணம் நடக்காத நாவல். நான் ஒன்றைப் பிடிக்கும் என்றால் போதும், "எனக்கும் அதான்டி" என்பாய். ஒருநாள் சோதித்தேன். எனக்குக் கொஞ்சமும் ஆகாத ஓர் அடிதடிப் படத்தைச் சொல்லி, அதுதான் என் உயிர் என்றேன். "எனக்கும் அதான்டி."

ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ முத்தியால்பேட்டைக்கு சைக்கிள் மிதித்து வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று, "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்றாய். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு ஒரு சிநேகிதி உண்மையிலேயே இருக்கிறாளா, இல்லை என் பேச்சே எனக்குத் திரும்பி வருகிறதா என்று பயம். இரண்டு வருஷம் முன்பு மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகும் அந்தப் பயம் என்னை விடவில்லை.

இன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. செத்த அம்மா, வலி விற்கும் கடை, அத்தனையும் நீ கட்டியது. நான் தேம்பி அழுத அந்தப் படம் உன் படம். என் பேச்சைக் கேட்டு நீ திருப்பிச் சொன்னது அல்ல அது. எனக்கு எது பிடிக்கும் என்று அன்று நான் வாயையே திறக்கவில்லை.

அந்தச் சோதனைக்குப் பிறகு, யார் புதிதாகப் பழக வந்தாலும் பிடித்த படத்தை நான் முந்திக்கொண்டு சொல்வதில்லை. ஏமாறக் கூடாதே என்று, "முதல்ல நீ சொல்லு" என்பேன். இன்றைக்கும் அப்படித்தான். எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்று. உன்னிடம் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையடி.