அப்பாவைக் காட்டிக்கொடுக்க எடுத்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒரு வரிகூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அப்பா நன்றாக இருக்கிறார். என் எதிரே கட்டிலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி ரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது ரொட்டியையும் தின்கிறார். "அம்மாவுக்கு முள்ளு குத்திடுச்சுன்னு எழுது, போதும். கப்பல்ல இருக்கிறவளை எதுக்குப் பயமுறுத்தணும்?" என்கிறார். முள் இல்லை அம்மா. பாம்பு.

நேற்று மத்தியானம் கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் பாறைக் குன்றுக்குப் போயிருந்தோம். இந்தப் பருவத்தில் ஆண் பாறை ஓணானுக்கு முதுகு தணல்போல் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் படம் பிடிக்க அப்பா நெடுநாளாக அலைந்தது உனக்கே தெரியும். வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து ஓணானுக்கு ஒரு முழம் அருகில் போய்விட்டார். நான் வெளிச்சம் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். படம் அருமையாக வந்தது. அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

வரும் வழியில் யாரோ புரட்டிப் போட்டிருந்த கல் ஒன்று கிடந்தது. அப்பாவுக்குத்தான் அது ஆகாதே! "அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைப் பழைய குழியில் வைக்கக் குனிந்தார். எப்போதும் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். நேற்று ஓணான் கிடைத்த சந்தோஷத்தில் வெறுங்கையை வைத்துவிட்டார். கல்லுக்கடியிலிருந்து கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு ஒன்று ஆள்காட்டி விரலைக் கவ்விவிட்டு விலகியது.

அப்படிப் பட்டை போட்டவை நம் பக்கத்தில் இரண்டு. ஒன்று கட்டுவிரியன், அது கடித்தால் பிழைப்பதே கஷ்டம். இன்னொன்று அதைப் போலவே வேஷம் போடும் வெள்ளிக்கோல் வரையன். அதற்கு விஷமே கிடையாது. எது கடித்தது என்று தெரியவில்லை. "வாங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று நான் கத்துகிறேன். அவரோ, "இரு கண்ணு, டாக்டர் கேப்பாங்க, ஒரே ஒரு படம்" என்று மறுபடி குப்புறப் படுத்துவிட்டார்! எனக்கு வந்த கோபத்தில், அவர் கிடந்த கோலத்தை என் கைப்பேசியில் பிடித்தேன். உன்னிடம் காட்டிக்கொடுக்கத்தான் எடுத்தேன் அம்மா, வேறு எந்த எண்ணமும் இல்லை.

பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் பெருவிரலில் மாட்டிவிட்டு, "வீங்கினா கழட்ட வராது, அதான்" என்றார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கையை அசைக்காமல் வெள்ளைத் துணியில் தொங்கவிட்டோம். குவாரி லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

டாக்டரம்மா அப்பாவின் கேமராவை வாங்கிப் பார்த்தார். பாம்பின் கண் மட்டும் மணிபோல் துல்லியமாக இருந்தது. உடம்பு முழுக்கப் புகைபோல் மங்கல். கண்ணைத் தெளிவாக எடுத்தால் போதும், மற்றதெல்லாம் மங்கினால்தான் அழகு என்று எனக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறார்! கடிபட்ட கையோடும் அதையே செய்திருக்கிறார். "படம் ரொம்ப அழகா இருக்கு சார். சட்டம் போட்டு மாட்டலாம். ஆனா எனக்குப் பாம்போட முதுகுல தெளிவு வேணுமே" என்றார் டாக்டரம்மா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம்தான் என் கைப்பேசியை நீட்டினேன். அதில் அப்பாவின் செருப்பு இருந்தது, என் நிழல் இருந்தது, அவர் முன்னால் பாம்பு தலை முதல் வால் வரை நீட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா அதை அருங்காட்சியகத்துப் பாம்பு ஆய்வாளருக்கு அனுப்பினார். பதில் வரும்வரை, விஷம் ஏறுகிறதா என்று பார்க்க நர்ஸ் அக்கா வந்து வந்து அப்பாவை இமையைத் தூக்கச் சொன்னார், மூச்சு விடாமல் எண்ணச் சொன்னார். அவர் எண்ணும்போதெல்லாம் நானும் உள்ளுக்குள் எண்ணினேன்.

கடைசியில் பதில் வந்தது. பட்டைகள் கழுத்தருகே தடித்து, வால் பக்கம் போகப் போகத் தேய்கின்றன. கட்டுவிரியனுக்கு நடுமுதுகில் இருக்கும் பெரிய செதில் வரிசை இதற்கு இல்லை. இது வரையன்தான் என்று ஆய்வாளர் சொன்னார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் படத்தை மட்டும் நம்பி அனுப்ப முடியாது என்று டாக்டரம்மா இன்று முழுக்க வைத்துப் பார்த்தார். இமை தொங்கவில்லை, மூச்சு திணறவில்லை. காலையில் வீட்டுக்குப் போகலாம். "என் மக எடுத்ததுலயே மட்டமான படம் இதுதான். ஆனா இதைத்தான் பெருசாப் போட்டு மாட்டப்போறேன்" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா, கேமராவைப் பூட்டி வைக்கச் சொல்லி எழுதிவிடாதே. திட்ட உனக்கு எவ்வளவோ இருக்கும். அதையும் எழுதாதே. அடுத்த துறைமுகத்தில் லீவு கேட்டுப் பார். நேரில் வந்து, உன் ஆசை தீர, எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

எழுதி முடிப்பதற்குள் அப்பா தூங்கிவிட்டார். குறட்டை உனக்குத் தெரியுமே, அதே சத்தம். பக்கத்துக் கட்டில்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் மகள்

பி.கு.: நர்ஸ் அக்கா வந்து விளக்குகளை அணைத்துவிட்டார். இந்த வரியைக் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.