ஐந்து பேருக்கு ஒரு கார்

சிவமயம்

மோர்டன், லண்டன்
12.05.2007

அன்புள்ள மகள் விதுஷாவுக்கு,

நீயும் மருமகனும் மெல்பேர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவன் துணை நிற்கட்டும். இங்கே உன் அண்ணன் கீர்த்தனனும் ஷோபாவும் பிள்ளைகள் மூன்று பேரும் சுகம். எனக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, முழங்கால் பழையபடி நோகிறது, மற்றபடி உடம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் ஹோலில் இருக்கிறது, நான் பேசுவது சமையலறை வரைக்கும் கேட்கும். நீயும் இரண்டு நிமிடத்தில், அப்பா எனக்கு மீற்றிங் இருக்கு, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய், பிறகு எடுக்கவும் மாட்டாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

கீர்த்தனன் கார் மாற்றப்போகிறான் என்பது உனக்குத் தெரியும், என்னைவிட உனக்கு முதலில் தெரியும். பெப்ரவரியில் லண்டன் நகரத்துக்குள் போவதற்கான சார்ஜை மேற்குப் பக்கமும் நீட்டினதோடு அவனுடைய வேலையிடம் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. ஹைபிரிட் கார் என்றால் அந்தச் சார்ஜ் இல்லை, வருடா வருடம் கட்டுகிற றோட் ரக்ஸும் குறைவு, அதோடு உன்னுடைய பூமி சூடாகிற கதையும் சேர்ந்துகொண்டது. மார்ச் மாதம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் வழுவழுப்பான புத்தகங்கள் கிடந்தன. புருஷனும் பெஞ்சாதியும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வருடம் பெற்றோல் செட்டில் காசாளராக நின்றவன் நான். ஒரு கார் உள்ளே திரும்பும்போதே அதன் எண்ணெய் மூடி எந்தப் பக்கம் என்று சொல்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், விற்காமல் திரும்பிப் போகிற கார் சஞ்சிகைகளை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்து வாசித்து ஆங்கிலமும் படித்தேன், காரும் படித்தேன். ஸ்ட்ரெதமில் இருக்கிற ஸ்ரீஸ்கந்தராஜா இன்றைக்கும் கார் வாங்குவதென்றால் எனக்குத்தான் முதலில் போன் எடுப்பான். என் சொந்த வீட்டில் என்னை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குச் சில நாட்கள் விளங்கவில்லை. பிறகு ஒரு காலையில் பிரிண்டர் தட்டில் நீ அண்ணனுக்கு எழுதிய ஈமெயில் கிடந்தது. மற்றவருக்கு வந்த கடிதத்தை வாசிப்பது பிழை என்பது எனக்குத் தெரியும். அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தது, ஆகவே வாசித்தேன், மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. இந்தக் காலத்தில் ஏழு இருக்கை டீசல் கார் வைத்திருப்பது வெட்கம் என்று எழுதியிருந்தாய். அப்பாவை யோசிக்காதே, அவருக்கு பஸ் பாஸ் இருக்குதுதானே, நடந்து திரிந்தால் சீனிக்கும் நல்லது என்று எழுதியிருந்தாய். அப்போதுதான் நான் அந்தப் புத்தகங்களை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். கடையில் விற்பனைக்கு இருக்கிற ஹைபிரிட் எல்லாம் ஐந்து பேருக்கானவை. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு மூன்று. இந்த வீட்டில் நாங்கள் ஆறு பேர். உன் அம்மா தவமலர் இருந்தபோது பழைய காரில் ஏழு இருக்கையும் நிறைந்திருந்தது. அவள் போனதோடு ஒன்று காலியானது, அது கடவுள் செய்தது. அடுத்ததைக் காலியாக்குவது நீங்கள்.

ஷோபாவை நான் குறை சொல்லமாட்டேன், அவள் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள், மனதில் வைத்திருக்காமல் முகத்துக்கு நேரே பேசுவாள். மாமா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, கோயிலுக்குப் போறப்ப ரெண்டு டிரிப் அடிச்சாப் போச்சு, என்றாள். ஒரு பயணத்தில் போகிற இடத்துக்கு இரண்டு பயணம் போனால் எண்ணெய் எப்படி மிச்சமாகும் என்று நான் கேட்கவில்லை. அவளாவது என்னை எண்ணினாள். இரண்டாவது டிரிப்பில் என்றாலும் எண்ணினாள்.

போன மாதம் இருபத்தெட்டாம் திகதி, சனிக்கிழமை, குரோய்டன் பக்கம் ஒரு கார்க் கடைக்கு எல்லாரும் போனோம். அப்பாவும் வாங்கோ, உங்களுக்குக் கார் பார்க்க விருப்பம்தானே என்று கீர்த்தனன் கூப்பிட்டான், கலியாண வீட்டுக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல. பழைய காரில் ஆறு பேரும் போய் இறங்கினோம். விற்கிறவன் நாற்பது வயது வெள்ளைக்காரன், மரியாதையான ஆள், எல்லாருக்கும் கை கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டான். உன் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, ஃபைவ் என்றான். நான் அவனுக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். விற்கிறவன் எங்களை ஒரு தடவை பார்த்தான், அவனுக்கும் எண்ணத் தெரியும், ஆனாலும் கடதாசியில் ஐந்து என்று எழுதினான். கீர்த்தனன் வேண்டுமென்று சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது. வாயில் தானாக வந்தது, அவனுக்கே தெரியாமல் வந்தது.

பிறகு ஓட்டிப் பார்க்கப் போனார்கள். அப்பா நீங்கள் இருங்கோ, ஒரு ரவுண்ட் போட்டுட்டு வாறம் என்றான். முன்னுக்கு அவனும் விற்கிறவனோடு வேலைசெய்கிற ஒரு பெண்ணும், பின்னுக்கு ஷோபாவும் இரண்டு பிள்ளைகளும். மூத்தவன் பவித்திரன் என்னோடு நின்று அங்கிருந்த மெஷினில் சூடான சொக்லேட் குடித்தான். ஓட்டிப் பார்க்கும்போதே ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. காட்சிக்கு நின்ற காரை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்று சொல்கிறேன் விதுஷா, அந்தக் காரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாய்ப் போகிற வேகத்தைப் பிடித்துப் பற்றரியில் வைத்துக்கொள்கிறது, நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவன் நல்ல மூளைக்காரன். கிழவனுக்குப் புதிது பிடிக்காது என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வீர்கள், அது பொய். எனக்குப் பிடிக்காதது அந்தப் பின் இருக்கை.

போன செப்டெம்பரில் சட்டம் வந்ததே, ஒரு மீற்றர் முப்பத்தைந்து சென்டிமீற்றர் உயரம் வரும்வரைக்கும் பிள்ளைகளை உயர்த்தி வைக்கிற சீட்டில் இருத்தவேண்டும் என்று. எங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் அதற்குக் கீழேதான். பழைய காரில் நடுவரிசையில் மூன்று தனித்தனி இருக்கை, மூன்று சீட்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும், அதற்காகத்தான் அந்தக் காரை நான் தேடி எடுத்தேன். ஹைபிரிட்டில் பின்னுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நீள வாங்கு. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன அளவு ரேப் இருக்கும், உனக்குத் தெரியும். கதவைத் திறந்து அளந்தேன். ஒரு கதவிலிருந்து மற்றக் கதவு வரைக்கும் இருக்கை நூற்று இருபத்தேழு சென்டிமீற்றர். விற்கிறவன் பார்த்துவிட்டு வந்தான், கோபிக்கவில்லை, அவனே உள்ளே போய் ஒரு பிள்ளைச் சீட்டைக் கொண்டுவந்து தந்தான். நாற்பத்து நான்கு. மூன்றுக்கும் நூற்று முப்பத்திரண்டு. அதற்கு மேல் பெல்ட் பூட்டுவதற்குக் கை போக இடம் வேண்டும். இரண்டு சீட் வைக்கலாம், மூன்றாவது வைக்க ஏலாது. நடுவில் இருக்கப்போகிறவன் சின்னவன் தீபன், நான்கு வயது, வெறும் பெல்ட்டோடு. பெல்ட் அவனுக்குத் தோளில் வராது, கழுத்தில் வரும். நான் பவித்திரனை ஒரு பக்கம் இருத்தி, மற்றப் பக்கம் அந்தச் சீட்டை வைத்து, அவனையே பார்க்கச் சொன்னேன். ஓம் அப்பப்பா, தீபனுக்கு இடமில்லை என்றான்.

அவர்கள் திரும்பி வந்தார்கள், ஷோபா சிரித்துக்கொண்டு இறங்கினாள், சத்தமே இல்ல மாமா, மிதக்கிற மாதிரி இருக்கு என்றாள். நான் கீர்த்தனனைக் கூப்பிட்டு அளவைக் காட்டினேன். மூன்றாவது பிள்ளைக்கு இடம் இல்லாவிட்டால் பெல்ட் மட்டும் போட்டாலும் சட்டம் விடும் அப்பா, நான் பார்த்திட்டன் என்றான். சட்டம் விடும், கழுத்து விடாது என்றேன். ரேப்பைத் திரும்பவும் பிடித்தேன். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். விற்கிறவன் பக்கத்தில் நிற்க, பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நிற்க, அப்பா, உங்கட சீற் போகுதெண்ட கோபத்திலதானே இந்த அளவெல்லாம், என்றான்.

நான் ரேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ட்ராம் நிற்கிற இடத்தைக் கேட்டு நடந்து போய் ஏறி, மோர்டன் றோட்டில் இறங்கி, பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன். நீ எழுதிய அந்த பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். அவர்கள் என்னை ஒரு மணித்தியாலம் தேடினார்களாம், கக்கூஸ் எல்லாம் தட்டிப் பார்த்தார்களாம், ஷோபா பொலிசுக்குப் போன் அடிக்கப் போனாளாம். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டவுடன், கீர்த்தனன் படியில் அப்படியே குந்திவிட்டான். நீங்கள் என்ன சின்னப்பிள்ளையோ அப்பா, என்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. தேடுகிறதற்கு முதல் முற்பணம் கட்டி ஓடரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தேடியிருக்கிறான், அந்தக் கடதாசி அவன் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக நான் அந்தப் பழைய காரிலும் ஏறவில்லை. கோயிலுக்கும் பஸ், டொக்டரிடமும் பஸ். ஸ்ரீஸ்கந்தராஜா கோயில் வாசலில் கண்டுவிட்டு, என்ன அண்ணை, மகன் காரை வித்துப்போட்டானோ, பஸ்ஸில தொங்கிக்கொண்டு வாறியள் என்றான். எனக்குப் பஸ் பிடிக்கும் என்றேன், அவன் நம்பவில்லை. நேற்றுப் பின்னேரம் ஷோபா என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தாள். மாமா, அவரு அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டாரு, தினமும் என்கிட்ட அதையே சொல்லிப் புலம்புறாரு, நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதும் என்றாள். அவன் வந்து பேசட்டும் என்றேன். ஆமா, நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு என்று எழும்பிப் போனாள். எப்படியாவது பின்னுக்கு இன்னொரு இடம் பார்த்துச் செய்வோம், எனக்கும் இடம் தருவோம் என்று அவன் வந்து சொன்னாலும் எனக்கு அது வேண்டாம். கேட்டு வாங்குகிற இடத்தில் நான் இருக்கமாட்டேன்.

ஆனால் தீபனுடைய கழுத்து வேறு விஷயம். அதை நான் விடமாட்டேன். நான் திரும்பச் சொன்னால், கிழவன் தன் இடத்துக்காகப் பிள்ளையைச் சாட்டுகிறான் என்று நினைப்பான். சொல்லாமல் விட்டால் ஜூன் ஒன்பதாம் திகதி பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துவந்துவிடுவான். இந்தப் பொறியில் என்னை வைத்ததில் உனக்கும் பங்கு இருக்கிறது, ஆகவே நீதான் சொல்லவேண்டும். உன்னுடைய பேச்சைத்தான் அவன் கேட்பான். ஓடரை மாற்ற இம்மாதம் முப்பத்தோராம் திகதி வரைக்கும் நாள் இருக்கிறதாக, பிறகு நான் போன் எடுத்துக் கேட்டபோது விற்கிறவன் சொன்னான். வேறு கார் எடுக்கட்டும், அல்லது தீபன் வளரும்வரைக்கும் பழையதையே வைத்திருக்கட்டும், ஏழு பேர் ஏறக்கூடிய ஹைபிரிட்டும் ஒரு நாளைக்கு வரத்தான் போகிறது. பூமி நாலு வருடம் பொறுக்கும்.

நான் தீர யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், இதை மாற்றச் சொல்லி நீயும் அழவேண்டாம், மருமகனையும் பேச வைக்கவேண்டாம். இனி உன் அண்ணன் எந்தக் கார் வாங்கினாலும், அதில் ஐந்து இருக்கை இருந்தாலும் பத்து இருக்கை இருந்தாலும், நான் ஏறப்போவதில்லை. அவன் பேச வந்தால் பேசுவேன், வீட்டில் சேர்ந்து சாப்பிடுவேன், காரில் மட்டும் ஏறமாட்டேன். இதனால் அந்தக் காரில் எனக்கு வரவும் இல்லை, இழப்பும் இல்லை. இப்போது நான் அளந்த அளவை அவன் நம்பலாம்.

உனக்கும் மருமகனுக்கும் நோயற்ற வாழ்வும் பிள்ளைச் செல்வமும் கிடைக்க வேண்டுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச் சளியைக் கவனி. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கீர்த்தனனுக்குப் போன் எடு, ஈமெயில் வேண்டாம். அப்பா இனி உங்கட காரில் ஏறமாட்டாராம் என்று முதலில் சொல். பிறகு அளவைச் சொல். இருக்கை நூற்று இருபத்தேழு, மூன்று சீட்டும் நூற்று முப்பத்திரண்டு.

அப்பா
செ. கனகலிங்கம்