வளைவில் அகப்படாத குழாய்

1973 மாசி, புதன்கிழமை

ஹாலிஎல பாதையை அகலமாக்குமுன், ஓரத்தில் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாயை எங்கே மாற்றுவது என்று நான்தான் வரைபடம் போட வேண்டும். பழைய படத்தில், பாதை வளையும் இடத்தில் குழாய் மேட்டுப் பக்கம் இருக்கிறது. காலையில் அங்கே ஆள் வைத்துத் தோண்டினேன். வெறும் மண்தான்.

பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்து மாரியாயி பார்த்துக்கொண்டு நின்றாள். "பள்ளத்துப் பக்கங்க. எங்க வீட்டுக்காரருதான் பதிச்சாரு" என்றாள். அவள் காட்டிய இடத்தில் ஒரு குழாய் இருந்தது. அறுத்துப் பார்த்தால் தண்ணீர் இல்லை, உள்ளே துரு மட்டுந்தான்.

"அப்ப எங்க பீலிக்கு எதுலங்க தண்ணி வருது?" என்று கேட்டாள். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பதுளை அலுவலகத்துக்குத் திரும்பி, அந்த வளைவில் மட்டும் கோடு போடாமல் படத்தைக் கொடுத்தேன். இஞ்சினியர் பார்த்துவிட்டு, "பழைய படத்துல உள்ளபடி போடுங்க. வெள்ளிக்கிழமை தோண்டுற மெசின் வருது" என்றார்.

"தெரியாம வெட்டினா லயத்துக்கே தண்ணி நின்னுடும் சேர்" என்றேன்.

அவர் ஏசவில்லை. கையெழுத்தும் போடவில்லை. படத்தைச் சுருட்டி என்னிடமே தந்தார். எனக்கு ஒரு நாள் தந்தாரா, பொறுப்பை என் தலையில் வைத்தாரா, விளங்கவில்லை. நாளைக்குப் பீலியடியில் ஆரம்பித்து, குழாய் போகிற வழியே தோண்டிப் பார்க்கப்போகிறேன்.