இரண்டாவது கையெழுத்து

அன்புள்ள தோழிக்கு,

அப்படி அழைக்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

இன்று நர்சிங் மாணவிகளுக்கு இன்சுலின் பாடம். "இன்னொரு நர்ஸ் அளவைப் பார்த்துட்டுதான் கையெழுத்துப் போடணும்" என்றேன். "பார்க்காம போட்டா யார் தப்பு மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். 

நாம் ஒரே வார்டில் வேலை பார்த்த அன்று, சர்க்கரை நோயாளியான தையல்காரர் ஒருவருக்கு டாக்டர் நாலுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்காக எழுதிய ஆங்கில 'U' எனக்குப் பூஜ்யமாகத் தெரிந்தது. ஊசியில் நாற்பது யூனிட் ஏற்றினேன். நீ வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். "நான் பார்த்துட்டேன்டி, சும்மா கையெழுத்துப் போடு" என்று சார்ட்டை நீட்டினேன். நம்பிப் போட்டாய்.

நான் ஊசி போட்டபின் அந்தத் தையல்காரர் மயங்கிவிழுந்து, குளுக்கோஸ் ஏற்றியபின் பிழைத்தார். விசாரணையில் நான், "அவதான் ஊசியில ஏத்திக் கொடுத்தா" என்றேன். உன் கையெழுத்து இருந்ததால் என்னை நம்பினார்கள். உன் வேலை போனது. நான் டீச்சரானேன்.

"தப்பு என்னோடதும்மா" என்று கேள்வி கேட்ட அந்த மாணவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதன்பின் ஒருத்தியும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மதியமே மருத்துவமனைத் தலைமைக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்.

உன்னுடன் ஒரே அறையில் தங்கிப் படித்தவள்