கிணற்றுக்குள் இருபத்தெட்டு மீற்றர்

என் பாசத்துக்குரிய மருமகனுக்கு, தம்பி தவராசனுக்கு,

முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னிக்க வேண்டும். வரி சரிந்து சரிந்து போகிறது. 'ஞ' எழுதும்போது வளைவு இன்னும் பிசகுகிறது. 'கு' வயிறு பெருத்துப் பக்கத்து எழுத்தை இடிக்கிறது. வலை முடிந்த விரல்களுக்குப் பேனை மிகவும் மெல்லியது. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. நான் சொல்லச் சொல்லத் தான் எழுதித் தருவதாக உங்கள் மனைவி வதனி கேட்டாள். நான் விடவில்லை. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதத்தை இன்னொருவர் கையால் எழுதுவிப்பதா?

ஓம் தம்பி, நான் எழுதப் பழகிவிட்டேன். நீங்கள் போன பிறகு வாசிகசாலையில் வயது போனவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். பஸ்ஸின் நெற்றி, சவர்க்கார உறை, சந்நிதிக் கோயில் மடத்துச் சுவரில் உபயகாரரின் பெயர்கள். போன வெள்ளிக்கிழமை அந்தச் சுவரின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டேன். வதனி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, முருகன் மற்றப் பக்கம்" என்றாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் ஆட்டத்திவசத்துக்கு, நீங்கள் போய் ஒரு வருடம் நிறைவதற்கு, அடிக்கும் நினைவு மலரில் போடப் போகிறார்களாம். ஊரே வாசிக்கும். ஆகவே சந்தோசமானதை மட்டும் எழுதலாம் என்று இருந்தேன். முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. பயத்தைப் பற்றிக் கதைக்க எங்கள் வீட்டில் உங்களைவிட்டால் யார் இருந்தார்கள்?

நீங்கள் கடல் இல்லாத இணுவில் ஊர்ப் பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் எங்களோடு கடலுக்கு வந்தீர்கள். கரை மறைவதற்குள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தீர்கள். என் மகன் குகன், "அத்தானுக்குக் கடல் வேண்டாம், கிணறே காணும்" என்று சிரித்தான். திரும்பி வரும்போது, தண்ணீருக்கு அடியில் கல் மறைந்து கிடக்கும் முருகைக்கல் பாருக்குள்ளால் நான் படகைக் கொண்டுவந்தேன். கல் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். "தெரியும்" என்றேன். "எப்பிடித் தெரியும், மாமா?" என்று திரும்பவும் கேட்டீர்கள். நான் கல்லைச் சுற்றிப் படகைத் திருப்பினேன். அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய்த்தான் நீங்கள் அந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி. படகின் அடியில் பூட்டிய வட்டு தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழம் தெரியும். தண்ணீரின் சூட்டையும் அது அளக்கும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். நீங்கள் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து வருடக்கணக்காக என்ன எழுதினீர்கள் என்பதை இப்போதுதான் வதனி விளங்கப்படுத்தினாள்.

கணினிக்குள் ஓர் உள்ளறை இருக்கிறதாம். கேர்னல் என்கிறாள். வட்டோடு கதைப்பது அது. ஆழம் ஐந்து மீற்றருக்குக் குறைந்தால் கத்துகிற நிரல் அறைக்கு வெளியே நிற்கும் சாதாரண நிரல். உள்ளே போக அதற்கு அனுமதி இல்லை. கேர்னல் ஒரு யன்னலால் இலக்கங்களை வரிசையாக நீட்டும். முதலாவது சூடு, இரண்டாவது ஆழம் என்று எந்த இடத்தில் எது வரும் என எழுதியிருப்பது தலைப்புக் கோப்பு. வெளியே நிற்பவன் அதை நம்பித்தான் கையை நீட்டுகிறான். ஆனால் உள்ளறைக்காரர் தங்களுக்கென்று எழுதிய கோப்பில் உள்ளறைச் சொற்கள் நிறைய இருக்கும். அப்படியே வெளியே கொண்டுவந்தால் எந்த நிரலுக்கும் அது உதவாது. அந்தச் சொற்களைக் களைந்து, வெளியாருக்கு வேண்டிய பகுதியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, அது ஒருபோதும் மாறாமல் பார்த்திருந்தீர்கள். ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கண் பூத்துப் போகாதா என்று அப்போது நினைப்பேன். நீங்கள் காவல் இருந்திருக்கிறீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் போன பிறகு பெட்டி இடைக்கிடை உறைந்து நிற்கத் தொடங்கியது. கேர்னல் பழசாகிவிட்டது என்றாள் வதனி. உங்கள் வேலையை நீங்கள் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தீர்கள் அல்லவா? ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பெடியன் அதைக் கண்டு, புதுக் கேர்னலுக்குப் பொருத்தித் தருவதாக எழுதினான். ஒரு சதமும் கேட்கவில்லை. அவன் அனுப்பியதை வதனி ஒரு ஞாயிற்றுக்கிழமை குகனின் பெட்டியில் போட்டாள். கத்துகிற நிரலை அவள் தொடவில்லை. உள்ளே என்ன மாறினாலும் வெளியே உள்ளதைத் தொடத் தேவையில்லை, அதற்குத்தானே இவர் இவ்வளவு பாடுபட்டவர் என்றாள்.

அடுத்த நாள் குகனும் அவனோடு தொழிலுக்குப் போகும் மணியமும் விடியக் கடலுக்குப் போய்விட்டார்கள். வதனிக்கு அன்று லீவு. நீங்கள் சோதிப்பதற்கு வைத்திருந்த மற்றப் பெட்டியின் வட்டில் அதே புதுக் கேர்னலைப் பார்ப்போம் என்று, நீங்கள் செய்வது போலவே, அதைக் கிணற்றுக்குள் இறக்கினாள். நான் பக்கத்தில் இருந்து பேப்பரில் மரண அறிவித்தல்களை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். திரையில் இருபத்தெட்டு மீற்றர் என்று வந்தது. எங்கள் கிணறு இரண்டாள் ஆழம்கூட இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

"எங்கடை கிணறு பாதாளத்துக்குப் போகுது போலை" என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. வட்டை வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டாள். அப்போதும் இருபத்தெட்டு.  பிறகு குசினிக்குள் போய், தேத்தண்ணிக்குக் கொதித்த கேத்திலைக் கொண்டுவந்து வாளிக்குள் ஊற்றினாள். இலக்கம் ஏறத் தொடங்கியது. முப்பத்துமூன்று, முப்பத்தொன்பது, நாற்பத்துநான்கு. ஒரு வாளிக்குள் நாற்பத்துநான்கு மீற்றர் ஆழம், தம்பி. அவள் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள்.

"அப்பா, உது ஆழமில்லை. சூடு."

என்ன வகை வட்டு என்று சொல்லும் ஒரு புது இலக்கத்தை அந்தப் பெடியன் வரிசையின் தலையில் வைத்திருக்கிறான். அதனால் மற்றவை எல்லாம் ஓரிடம் பின்னுக்குப் போய்விட்டன. கத்துகிற நிரலுக்கு அது தெரியாது. பழையபடி இரண்டாம் இடத்தில் கைவைத்து ஆழம் என்று எடுக்கிறது. அங்கே இப்போது இருப்பது தண்ணீரின் சூடு. எங்கள் கடலின் சூடு குறைந்து குறைந்து ஐந்துக்கு வந்தால்தான் அது கத்தும். கடல் ஐஸாகும் வரைக்கும் அது வாய் திறக்காது.

குகனின் தொலைபேசிக்கு அவ்வளவு தூரத்தில் தொடர்பு கிடைக்காது. நாங்கள் கரைக்கு ஓடினோம். மழை விட்டுச் சில நாட்கள்தான். தண்ணீர் கலங்கி, கல் எது மணல் எது என்று தெரியாமல் கிடந்தது. குகன் பெட்டியோடு வளர்ந்த தொழிலாளி. பாருக்குக் கிட்ட வரும்போது அவன் தண்ணீரைப் பார்ப்பதில்லை, சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வருவான். சத்தம் இல்லையென்றால் ஆழம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தானே நீங்களும் நானும் அவனுக்குச் சொல்லி வைத்தோம்? நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயில் ஒரு தேவாரமும் வரவில்லை. இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்றுதான் வந்தது.

படகு வந்தது. இயந்திரத்தின் சத்தம் இல்லை. இருவரும் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இயந்திர விசிறியின் ஓர் இதழ் உடைந்து போயிருந்தது. அடிப்பலகை நீளத்துக்கு உராய்ந்திருந்தது. மணியம் முன்னால் விழுந்து வாய்க்குக் கீழே நாடி வெடித்து, சேட்டெல்லாம் இரத்தம். குகன் இறங்கி, பெட்டியைக் கொண்டுவந்து தன் தமக்கையின் காலடியில் மணலில் வைத்தான்.

"இது கத்தேல்லை, அக்கா" என்றான்.

மணியம் நாடியைப் பொத்திக்கொண்டு, "இருபத்தெட்டு மீற்றரிலை கல்லு முளைச்சிருக்கு அண்ணை, புதினம்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

பிறகு குகன் சொன்னான்: "அத்தான் இருந்திருந்தா உது நடக்குமே?" அவன் அக்காவைக் குத்திச் சொல்லவில்லை, உங்களை நினைத்துத்தான் சொன்னான். ஆனால் அது போய்ப் பட்ட இடம் எனக்குத் தெரிந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இதுவரை எழுதி நிறுத்தி இரண்டு நாளாகிவிட்டது. விரல் கடுக்கிறது. மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

வதனி அந்தப் பெடியனுக்குக் காரமாக எழுதினாள். கோப்பின் தலையிலேயே எழுதிக் கிடக்கிறதே, கண் இல்லையா என்று கேட்டாள். அன்றைக்கே மறுமொழி வந்தது. அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருந்தான். கோப்பின் உச்சியில் வளைந்த எழுத்துகளைக் கண்டானாம். என்ன மொழி என்றே தெரியவில்லையாம். மேலே தனியாக ஒரு சுழி இருந்தபடியால் அது உங்கள் ஊர்ப் பிரார்த்தனை என்று நினைத்து, ஒரு எழுத்தும் கலையாமல் பத்திரமாக அப்படியே வைத்துவிட்டு, அதன் கீழே தன் வரியைச் சேர்த்தானாம்.

வதனி எனக்கு அந்தக் கோப்பைத் திறந்து காட்டினாள். பிள்ளையார் சுழி. அதன் கீழே நீங்கள் எழுதியதை நானே வாசித்தேன். "இந்த வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக ஏதும் வந்தால் கடைசியில் மட்டும் சேர்க்கவும். பழைய நிரல்கள் இதை நம்பிக் கடலில் நிற்கின்றன." மூன்று வரியையும் வாசித்து முடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது. வதனி பொறுமையாக இருந்தாள். முடித்ததும் அவள் அழுதாள். கோபத்தில்தான் அழுதாள்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, தம்பி. இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் எங்கள் காணிக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். அதில் மிதிவெடி கவனம் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. மூன்றும் எனக்கு ஒன்றுதான். மேலே ஒரு மண்டையோடு கீறியிருந்தபடியால் கால் நின்றது. இல்லாவிட்டால் நடந்திருப்பேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து ஒரு கோலம் மாதிரித்தான், அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எங்களுக்காக எழுதினீர்கள். எங்களிலேயே ஒருவனுக்கு அன்று அதை வாசிக்கத் தெரியாது.

இதை நான் சொன்னபோது வதனி கண்ணைத் துடைத்துவிட்டு, கோப்பிலே மண்டையோடு கீற ஏலாது அப்பா என்றாள். ஆனால் வேறொன்று செய்தாள். அந்தப் புது இலக்கத்தை வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். இனி யாராவது வரிசையைக் குழப்பினால் கேர்னல் உருவாகாமல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்படி ஒரு காவல் வைத்தாள். "வாசிச்சாலென்ன, வாசிக்காட்டியென்ன, அங்காலை போக ஏலாது" என்றாள். அந்தப் பெடியன் அதை ஏற்றுக்கொண்டான். உங்கள் மூன்று வரியின் கீழே அதையே ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறான். உங்கள் தமிழை அழிக்கவில்லை.

இப்போது வதனி உங்கள் கதிரையில் இருக்கிறாள். கிணறு, வாளி, கேத்தில் என்று வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து ஒருமுறை. எல்லாம் சரியாக வருகிறது. சரியாக வந்த பிறகும் மீண்டும் இறக்குகிறாள். சாப்பாடு ஆறிக் கிடக்கிறது. இன்னும் எத்தனை தரம் பார்த்தால் அவள் மனம் ஆறும்? உங்களுக்கு ஆறியதா?

குகன் பெட்டியைத் தொடமாட்டேன் என்று நின்றான். படகைத் திருத்திக்கொண்டு வெறுங்கண்ணோடு போய்வருகிறான். அது எனக்கு இன்னும் பயம். ஒருநாள் அவன் கரையில் அடிப்பலகைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் இருந்தேன். கலங்கின தண்ணீரில் உன் கண்ணுக்குக் கல் தெரிகிறதா என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதே?" என்றான்.

"தெரியாது. ஈயம் கட்டின கயித்தைத் தண்ணிக்குள்ளை இறக்கி இறக்கித்தான் வந்தனான்."

அவன் தூரிகையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப நீங்கள் வாங்கோ. நீங்கள் கயித்தை விட்டுச் சொல்லுங்கோ. அக்காவின்ரை பெட்டியும் சொல்லட்டும். ரண்டும் ஒண்டெண்டா நான் கொண்டு போறன். இல்லையெண்டா இனி ஒருத்தரும் உதைப் பற்றி என்னோடை கதைக்கக்கூடாது. அக்காவும்தான்."

நான் ஓம் என்றேன். வருகிற திங்கட்கிழமை பாருக்குப் போகிறோம். மணியமும் வருகிறான், நாடியில் தையலோடு. வதனிக்குச் சொன்னேன். அவள் வட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

கடலுக்கு நான் பயப்படவில்லை, தம்பி. ஈயம் தரையில் தட்டுகிறதை விரல் உணர்ந்து, நான் ஆழத்தைச் சொல்லிவிட்டு, திரும்பித் திரையைப் பார்க்க வேண்டுமே, அந்த இடைவெளிக்குத்தான் பயம். கயிறு நான்கு மீற்றர் என்று சொல்லி, பெட்டி வேறொன்று சொன்னால் என்ன செய்வேன்? படகில் இருந்து இறங்கி, வீட்டு வாசலில் நிற்கிற பிள்ளையிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்? குகன் சொன்ன சொல் மாறமாட்டான். அதற்குப் பிறகு அவள் யாருக்காக அந்தக் கதிரையில் இருப்பாள்?

நீங்கள் இவ்வளவு காலமும் எங்கள் எல்லோருக்குமாகத் தனியே இருந்து பயப்பட்டீர்கள். அது எவ்வளவு களைப்பான வேலை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுவேன். கயிறு சொன்னதையும் பெட்டி சொன்னதையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவேன். இரண்டும் ஒத்து வராவிட்டாலும் ஒளிக்கமாட்டேன். யாரிடமும் கேட்டு எழுதமாட்டேன், தம்பி. பாருக்கு மேலே படகில் இருந்துகொண்டே, என் கண்ணால் பார்த்து, என் கையால் எழுதுவேன்.

வதனிக்கும் குகனுக்கும் தகப்பன்,
உங்கள் மாமா