அது கரையேறிவிட்டது, தம்பி

எல்லாரும் புளுகன் என்று கூப்பிட்டபோதும் முகம் சுளிக்காமல் சிரித்த என் ராசா, என் தம்பி முத்துவுக்கு,

முதலில் சேதி, மற்றதெல்லாம் அப்புறம். அது நடந்துவிட்டதடா! தண்ணீரை விட்டு வெளியே வந்து, நாலு காலையும் ஊன்றி, என் சமையல்கட்டுச் சிமெண்டுத் தரையில் நடந்துவிட்டது. நான் பார்த்தேன். உன் மச்சான் பார்த்தார். பக்கத்து வீட்டு மரகதம் அக்காவும் பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருக்கிறாள்.

நேற்று வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான். சேதி சொல்லும் அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் உன் ஆபீஸ் கையெழுத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்யாதே.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமில்லை. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் கேட்க வேண்டிய கடிதம். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவள் நான்தானே?

தீபாவளி சாயங்காலம். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். நீ ஒரு மிட்டாய் ஜாடியைப் பால்குடம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாய். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஜந்து. கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது மீனு இல்ல. ஜப்பான் நாட்டு நீர்ப்பல்லி. வெள்ளைக்காரன் சாலமாண்டர்னு சொல்லுவான். இப்ப குட்டி. இந்த எறகுதான் அதுக்குச் செவுளு. மூணு மாசத்துல அது சுருங்கிடும். அப்புறம் தண்ணிய விட்டு ஏறி நடக்கும், பாரு. மேல கறுப்பு, வயித்துல செவப்பு."

"நடந்து எங்க மாப்ளே போவும், ஸ்டேஷனுக்கா? டிக்கெட் எடுக்குமா?" என்றார் உன் மச்சான்.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். "போன மாசம் கிள்ளான் பக்கத்துல முதலை தண்டவாளத்துல படுத்து ரயில அரைமணி நேரம் நிறுத்திச்சுன்னான். இந்த மாசம் மீனு நடக்குது. அடுத்த மாசம் நம்ம தம்பியே பறக்கப் போறான் லா, பாத்துக்குங்க!" என்றேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அடுத்த மாதம் நீ போய்விட்டாய். அந்த வார்த்தையை நான் எங்கே போய்த் திருப்பி வாங்க?

அந்தக் குட்டி உன் கைக்கு எப்படி வந்தது என்று சொன்னதையும் நாங்கள் நம்பவில்லை. போட்டோ கடை வைத்திருக்கும் ஜப்பான்காரருக்கு ரயிலில் கண்ணாடித் தகடுகள் வருமாம். நீ பார்சல் ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தகடுகூட உடையவில்லையாம். அந்தச் சந்தோஷத்தில், தன் கடையில் தானே வளர்க்கும் நீர்ப்பல்லிகள் போட்ட குஞ்சுகளில் ஒன்றைக் கொடுத்தாராம். எங்கேயாவது பாசாரில் காசு கொடுத்து வாங்கிவிட்டுக் கதை விடுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடியபடியே என்னிடம் இரண்டு பேச்சுப் பேசினாய். ஒன்று, "வெள்ளிக்கெழம வீட்டுக்கு வந்துடுவேன்க்கா. ரசம் மட்டும் வச்சு வை." மற்றது, "தண்ணியக் கொறச்சு வை. கல்லு போடு. அதுக்கு ஏறணும்க்கா… ஏறணும்." முதல் பேச்சைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. இரண்டாவதைக் கேட்டதும் ஜன்னியில் பிதற்றுகிறாய் என்று நினைத்து, நெற்றியில் ஈரத்துணியை மாற்றினேன். வெள்ளிக்கிழமை ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டில் மிஞ்சியது உன் இரண்டு சட்டையும் அந்த ஜாடியும்தான். "கிள்ளான் ஆத்துல விட்டுட்டு வந்துடறேன். அதப் பாத்துப் பாத்து நீ அழுவுற," என்றார் உன் மச்சான். நான் ஜாடியைத் தொடவிடவில்லை. சட்டை மூச்சு விடாது. இது விடுகிறது. நீ உன் கையால் தீனி போட்டு வளர்த்த ஓர் உயிர் இந்த வீட்டில் பாக்கி இருக்கும்போது அதைச் சாகக் கொடுப்பேனா? அது நடக்கும் என்று அப்போதும் நான் நம்பவில்லை. அது உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

சூடு ஆகாது என்று நீ சொன்னது நினைவிருந்தது. குளியலறைத் தொட்டி ஓரம் வைத்து, ஜாடியைச் சுற்றி ஈரக் கோணி கட்டினேன். பூனை தொந்தரவுக்கு உன் மச்சான் தகரத்தில் மூடி அடித்து, ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். தீனிக்குத்தான் சிரிப்பு. தினமும் கொட்டாங்கச்சியோடு வாசல் லோங்காங்கில் குனிந்து, அந்தச் சாக்கடையில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு பிடித்தேன். உன்னைக் கொண்டுபோன கொசுவின் குட்டிகளை உன் செல்லம் ஒவ்வொன்றாக லபக் லபக் என்று விழுங்கும்போது எனக்கு எத்தனை திருப்தி தெரியுமா! "இன்னொண்ணு தின்னுடா கண்ணு," என்று ஊட்டினேன்.

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைத் தொப்பி.

"என்ன தங்கச்சி, உந்தத் தண்ணிக்குள்ளை என்ன தேடுறீங்கள்?"

"கொசுப்புழு, ஐயா."

"வளர்க்கிறீங்களோ?"

"கொல்றேன், ஐயா."

மனுஷர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அது ஒரே வாயில் மூன்று புழுவை விழுங்கியது. "எங்கட ஆபீஸிலை இதுக்கு ஒரு உத்தியோகம் குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை பிறந்ததும் என் நிம்மதி போயிற்று. கழுத்து இறகுகள் நாளுக்கு நாள் சுருங்கின. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிக்கொரு தரம் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போயிற்று. மேல்தோல் கறுத்தது. நீ சொன்ன அத்தனையும் என் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. நானோ அதைச் சாவு நோய் என்று நினைத்து அழுகிறேன்! புளுகன் சொன்ன கதைதானே என்று ஒதுக்கிவைத்த புத்தி, வேறென்ன சொல்ல?

ஜப்பான்காரரைக் கேட்கலாம் என்று போட்டோ கடைக்கு ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. அவர் சிங்கப்பூர் போய்ப் பத்து நாளாயிற்று என்றார் பக்கத்துக் கடைக்காரர். திரும்பி வந்து மரகதம் அக்காவிடம் ஜாடியைக் காட்டினேன்.

"தண்ணி கெட்டுப் போச்சுடி. நல்ல தண்ணி மாத்து, நெறைய ஊத்து. பொழங்குற வீட்டுல அரை ஜாடித் தண்ணி ஆவாது," என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமை வீடு கழுவி, குடம், அண்டா, செம்பு எல்லாவற்றையும் விளிம்பு தட்ட நிரப்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும். வெள்ளியன்று வீட்டில் குறைகுடம் நிற்கக் கூடாது என்று அம்மா பழக்கிவிட்டுப் போனது. நேற்று ஜாடியையும் அந்த வரிசையில் சேர்த்தேன். அழுக்குத் தண்ணீரை மாற்றி, வழிய வழிய நிரப்பி, தகர மூடியை அழுத்தி மூடினேன். புண்ணியம் செய்கிற நினைப்பு. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல்கடை காற்றுக்கூட இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஜாடியின் அடியில் வயிறு மேலாகக் கிடந்தது, முத்து.

மூடியைப் பிடுங்கினேன். அப்போதுதான் கழுத்தைக் கவனித்தேன். இறகே இல்லை. செவுள் இல்லாத ஜந்துவை நான் தண்ணீருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உன் குரல் காதுக்குள் கேட்டது: தண்ணியக் கொறச்சு வை. கல்லு போடு. அதுக்கு ஏறணும்க்கா. ஜன்னி இல்லையடா அது! உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிற நேரத்திலும் இது எப்படிப் பிழைக்கும் என்று நீ எனக்கு வழி சொல்லியிருக்கிறாய். நான் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜாடியை அப்படியே தரையில் கவிழ்த்தேன். சமையல்கட்டெல்லாம் வெள்ளம். கல்லுக்கு எங்கே போவேன்? கண்ணில் பட்டது அம்மிக்கல். அதன் மேல் தண்ணீர் தெளித்து, நீர்ப்பல்லியைக் குப்புறக் கிடத்தினேன். அசையவில்லை. "ஐயோ, தம்பி சொன்னானே! தம்பி சொன்னானே!" என்று நான் போட்ட கூச்சலில், ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த உன் மச்சான் எழுந்து ஓடி வந்தார். மரகதம் அக்கா கரண்டியோடு வந்தாள்.

மூன்று பேரும் அம்மியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எத்தனை நேரமென்று தெரியாது. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்த வாசனை வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அதன் தொண்டை துடித்தது. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். பிறகு நிற்காமல் துடித்தது. முன்னங்கால் ஒன்று மெல்ல நகர்ந்து அம்மியைப் பற்றியது. தலை தூக்கியது. நம்புவாயா, அம்மியிலிருந்து வழுக்கி இறங்கி, சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினது மாதிரி என் அரிசிப் பானையைப் பார்த்து நடந்தது!

"நடக்குதுடி!" என்று மரகதம் அக்கா கரண்டியைக் கீழே போட்டாள். நான் சிரித்தேன், அழுதேன், கண்ணைத் துடைத்தேன். துடைத்ததும் கண் காந்தலாய் எரிந்தது. "தொட்டா கை கழுவணும்க்கா, தோல்ல வெசம் இருக்கு," என்று நீ சொன்னதும் நிஜம்தான். அரைமணி நேரம் கண்ணைக் கழுவினேன். அந்த எரிச்சல்கூட எனக்கு இனித்தது, போ.

உன் மச்சான் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து அதன் வயிற்றைப் பார்த்தார். நீ சொன்ன சிவப்பு இன்னும் முழுசாக ஏறவில்லை. இப்போதைக்கு ஆரத்தித் தண்ணீர் நிறம். "மாப்ள சொன்னான்," என்றார். மறுபடியும், "மாப்ள அன்னிக்கே சொன்னான்டி," என்றார். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, "அப்ப அந்த முதலை…?" என்றார் பார், அப்போதுதான் நான் வாய்விட்டுச் சிரித்தது.

சாயங்காலம் டூட்டிக்குப் போனவர், கிள்ளான் வண்டி கார்டை விடாமல் பிடித்துக் கேட்டிருக்கிறார். "ஆமாங்க, சதுப்புலேருந்து ஏறி வந்து தண்டவாளத்துல படுத்துக்கிச்சு. முத்து அரைமணி நேரம்னா சொன்னான்? காமணி நேரம்தான் இருக்கும்," என்றாராம் கார்டு. பதினைந்து நிமிஷம் கூட்டிச் சொன்னதற்காகவா உனக்குப் புளுகன் பட்டம் கட்டினோம்?

இப்போது அது ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அடியில் ஈரப்பாசி, மேலே ஓர் உடைந்த ஓடு. வேலியோரம் கிடக்கும், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டைகளில் கறையான் தட்டி எடுத்துப் போட்டேன். இன்று காலை இரண்டு தின்றது. அந்த யாழ்ப்பாணத்து ஐயாவும் பார்த்துவிட்டுப் போனார். உத்தியோகத்துக்கு வரமாட்டேன் என்று கரையேறிவிட்டதாம், அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நேற்றிலிருந்து உன் பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஜப்பான்காரர் நிஜம். செவுள் நிஜம். விஷம் நிஜம். முதலை நிஜம். கல்லு போடச் சொன்னது நிஜத்திலும் நிஜம். தேடித் தேடிப் பார்த்தும் நீ என்னிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான் அகப்படுகிறது. வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றாய். பிறந்ததிலிருந்து நீ சொன்னதில் நான் கேள்வி கேட்காமல் நம்பியதும் அது ஒன்றைத்தான்.

போகட்டும். இன்னொன்றும் சொல்லியிருந்தாய். வளர்ந்து பெரிசானதும் அது மறுபடியும் தண்ணீருக்குத் திரும்பி வரும் என்று. நடந்து வெளியே போனது, தானாகத் திரும்பி வருமாம். இதை இப்போது நான் நம்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

வரும் தீபாவளிக்கு அதே வாசலில், அதே ஆட்கள் முறுக்கும் கையுமாக இருக்கும்போது, பிஸ்கட் டின்னை நடுவில் வைத்து இந்தக் கடிதத்தை உரக்கப் படிப்பேன். அடுத்த மாசம் பறப்பான் என்று நான் சொன்னதையும் விடாமல் படிப்பேன். இனி வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் எல்லாக் குடமும் நிரம்பும். உன் ஜாடியில் மட்டும் பாதித் தண்ணீரும் ஒரு கல்லும் இருக்கும்.

உன்னைப் பிந்தி நம்பிய,
உன் அக்கா சிவகாமி.